பிளக் பாயிண்ட்டில் 50 ஹெர்ட்ஸ் போக வேறு என்ன ஓடுகிறது?

எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் என்று மின்சாரம் தயாராகும் ஊர்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் வடசென்னைக்காரர்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. வல்லூரில் 500 மெகாவாட் யூனிட்டுகள் மூன்று நிற்கின்றன. இந்த மாதிரி நிலையங்களில் டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 50. நம் வீட்டுக்கு வருவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரமாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் தண்டையார்பேட்டையில் ஏதோ ஒரு வீட்டு பிளக் பாயிண்ட்டில் சரியான கருவியை வைத்துப் பாருங்கள். 25 கிலோஹெர்ட்ஸில் ஒன்று, 65 கிலோஹெர்ட்ஸில் ஒன்று, அதற்கு மேலே வரிசையாக இன்னும் பல என்று சின்னச் சின்ன மின்னோட்டங்கள் தெரியும். எந்த அனல்மின் நிலையமும் அவற்றை அனுப்பவில்லை. நம் வீட்டுச் சாமான்களும் பக்கத்து வீட்டுச் சாமான்களும் லைனுக்குள் விட்டவை அவை.

இவற்றை எப்படி அளக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. பள்ளிக்கூட இயற்பியல் கொஞ்சம் ஞாபகம் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இந்த இண்டக்‌ஷன் அடுப்பு எவ்வளவு வெளியே விடுகிறது?" என்று கேட்டால் ஒற்றை எண்ணாகப் பதில் கிடைக்காது. எந்த வீட்டில், எதற்குப் பக்கத்தில் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

சரி, இது எங்கிருந்து வருகிறது? குண்டு பல்புக்கு மின்சாரத்தை வைத்து வித்தை காட்டத் தெரியாது. வந்ததை வாங்கிச் சூடாகும், அவ்வளவுதான். இன்றைக்கு இருக்கும் எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், டிவி, செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் ஏசி எல்லாம் வேறு ரகம். உள்ளே வரும் ஏசி மின்சாரத்தை முதலில் டிசியாக மாற்றும். அப்புறம் ஒரு டிரான்சிஸ்டர் அந்த டிசியை நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஆன், ஆஃப் செய்து துண்டு துண்டாக வெட்டும். இந்த வெட்டு வேலைக்குப் பெயர் ஸ்விட்சிங். இவ்வளவு வேகம் எதற்கு என்றால், அதிர்வெண் கூடக் கூட டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாகிறது. பழைய டேப் ரெக்கார்டருக்கு மாட்டும் எலிமினேட்டரைக் கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். உள்ளே 50 ஹெர்ட்ஸுக்கான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். அதைவிடப் பல மடங்கு பவர் தரும் செல்போன் சார்ஜர் இன்று உள்ளங்கைக்குள் அடங்குகிறது. ஸ்விட்சிங் கொடுத்த வசதி இது.

இண்டக்‌ஷன் அடுப்பும் இதே குடும்பம்தான். பாத்திரத்தைச் சூடாக்கும் காயிலில் அது சுமார் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான் மின்னோட்டத்தை ஓட்டும். அதற்குக் கீழே போனால் மனிதக் காதுக்குக் கேட்டுவிடும், சமையலறையில் நிற்க முடியாது. இரண்டு அடுப்பை ஒட்டி ஒட்டி வைத்து, ஒன்று 24-லும் மற்றது 27-லும் ஓடினால், வித்தியாசமான 3 கிலோஹெர்ட்ஸ் மெல்லிய விசிலாகக் கேட்கலாம். பாத்திரம்தான் பாடுகிறது என்று நினைத்துக்கொள்வோம்.

வெட்டும்போது உண்டாகும் மின் சத்தம் (காதுக்குக் கேட்பதல்ல, தேவையில்லாத மின்னோட்டம்) முழுக்க அந்தச் சாமானுக்குள்ளேயே அடங்கிவிடாது. ஒரு பகுதி ஒயர் வழியாக வெளியே வரும். வெட்டின் ஓரம் கூர்மையாக இருப்பதால் ஒரே அதிர்வெண்ணோடு நிற்காமல் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று பின்னால் ஒரு ஊர்வலமே வரும். இதைத் தடுக்கத்தான் நல்ல சாமான்களில் பிளக்கிலிருந்து உள்ளே நுழைந்ததும் ஒரு ஃபில்டர் வைக்கிறார்கள். அதில் முக்கியமான ஆள், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே உட்கார்ந்திருக்கும் கெப்பாசிட்டர். இவரைக் கொஞ்சம் கவனியுங்கள். கதையில் பாதிக் குழப்பம் இவரால்தான்.

கெப்பாசிட்டரின் குணம், அதிர்வெண் ஏற ஏற அதன் எதிர்ப்பு இறங்கும். மலிவான இண்டக்‌ஷன் அடுப்புகளில் இந்த இடத்தில் 2 மைக்ரோஃபாரட் அளவில் ஒன்று இருப்பது சாதாரணம். 50 ஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு சுமார் 1600 ஓம். 25 கிலோஹெர்ட்ஸில் வெறும் 3.2 ஓம். ஒயருக்கு நேர்மாறான குணம். ஒயரிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் இருக்கும் இண்டக்டன்ஸ், அதிர்வெண் ஏற ஏற வழியை அடைக்கும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் போகிற பாதையில் மொத்தம் 50 மைக்ரோஹென்ரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் அது 0.016 ஓம், ஒன்றுமே இல்லை. அதே பாதை 25 கிலோஹெர்ட்ஸுக்கு கிட்டத்தட்ட 8 ஓம்.

இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் நாலு போர்ஷன் உள்ள ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முன் போர்ஷனில் ஓடும் அடுப்பிலிருந்து 25 கிலோஹெர்ட்ஸ் மின்னோட்டம் கிளம்புகிறது. அது எங்கே போகும்? டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஈ.பி.க்குத் திரும்பிப் போய்விடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அந்தப் பாதை 8 ஓம். பத்து மீட்டர் தள்ளிப் பின் போர்ஷனில் இன்னொரு அடுப்பு பிளக்கில் மாட்டிய வாக்கில் இருக்கிறது, அதற்குள் 2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பத்து மீட்டர் ஒயருக்கு மீட்டருக்கு 1 மைக்ரோஹென்ரி வீதம் 10 என்று தாராளமாகவே வைத்தாலும், இண்டக்டன்ஸும் கெப்பாசிட்டரும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பாதையில் மிஞ்சுவது 2 ஓமுக்கும் கீழே. ஆக, மின்னோட்டத்தின் பெரும்பங்கு பின் போர்ஷனுக்குள் போகிறது. வியாசர்பாடியில் மழை பெய்தால் தண்ணீர் கால்வாய்க்குப் போகாமல் பள்ளமான வீட்டுக்குள் இறங்குமே, அதே நியாயம்தான்.

இன்னொரு விஷயம். 10 மைக்ரோஹென்ரியும் 2 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் 35.6 கிலோஹெர்ட்ஸில் ரெசனன்ஸ் வரும். அந்த இடத்தில் இரண்டும் முழுசாகக் கழிந்துபோய், ஒயரின் சாதாரண ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான் மிச்சம். அடுப்பின் பவரைக் கூட்டிக் குறைக்கும்போது அதன் ஸ்விட்சிங் அதிர்வெண் நகரும். நகர்ந்து 35 பக்கம் வந்தால் மின்னோட்டம் எகிறும். ஒயர் கொஞ்சம் நீளமாக இருந்தால் அந்த எண்ணும் மாறிவிடும். அதாவது கம்பெனி ஒன்றே, மாடல் ஒன்றே, ஆனால் கொருக்குப்பேட்டையில் ஓர் அளவு, மூலக்கடையில் வேறோர் அளவு.

சுவீடனில் லூலியோ பல்கலைக்கழகத்தில் மாத் போலன், சாரா ரோன்பெரி ஆகியோரின் குழு இந்த விஷயத்தை நிறைய ஆராய்ந்திருக்கிறது. சாமான் தானே உண்டாக்கி வெளியே விடுவது ஒரு வகை, பக்கத்துச் சாமான் விட்டது இதற்குள் வந்து போவது இன்னொரு வகை என்று அவர்கள் பிரித்துப் பேசுகிறார்கள். ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்பை மாட்டிப் பார்த்தால் இரண்டும் கலந்துதான் தெரியும். ஒரே மாதிரி எல்இடி விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகும் மின்னோட்டம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. விளக்குகள் தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொள்கின்றன.

அளக்கும் வேலைக்கு வருவோம். எலக்ட்ரீஷியன் கையில் இருக்கும் டாங் டெஸ்டர் இதற்கு உதவாது. அது 50 ஹெர்ட்ஸுக்கும் அதை ஒட்டிய கொஞ்சத்துக்கும் செய்யப்பட்டது. 25 கிலோஹெர்ட்ஸ் அதன் கண்ணுக்குத் தெரியாது. அடுத்து ஆசிலோஸ்கோப். இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவார்கள். 230 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் என்ற ஒரு வகைச் சராசரிக் கணக்கு. உச்சம் 325, மேலிருந்து கீழ்வரை 650 வோல்ட். சாதாரண ஸ்கோப் 8 பிட், அதாவது திரையின் மொத்த உயரத்துக்கு 256 படிகள். 650 வோல்ட்டை 256-ஆல் வகுத்தால் படிக்கு இரண்டரை வோல்ட். நாம் தேடுவதோ அரை வோல்ட், ஒரு வோல்ட் சமாசாரம். ஒரு படிகூட ஏறாது. திரையில் அழகான 50 ஹெர்ட்ஸ் அலை தெரியும், லைன் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

அதனால் முதல் வேலை 50 ஹெர்ட்ஸை வடிகட்டி எடுத்துவிடுவது. 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் உள்ளே விடும் ஒரு ஃபில்டரைப் போட்டு, மிச்சமிருப்பதைப் பெரிதாக்கிப் பார்த்தால் திரை முழுக்கப் புல் முளைத்த மாதிரி தெரியும். மின்னோட்டத்தை அளக்க ஃபெரைட் வளையம் உள்ள, பல மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் கிளாம்ப் வேண்டும். அதைப் பேஸ் ஒயரில் மட்டும் மாட்ட வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால், போன மின்னோட்டமும் வந்த மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்து, எர்த் வழியாகத் திரும்பும் மிச்சம் மட்டுமே தெரியும். அதையும் அளக்க வேண்டியதுதான், ஆனால் அது வேறு கேள்விக்கான பதில்.

ஸ்கோப்பின் எர்த் கிளிப்பைப் பிளக் பாயிண்ட்டில் மாட்டிப் பார்க்கலாமே என்று யாராவது யூட்யூப் பார்த்துக் கிளம்பினால் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தக் கிளிப் ஸ்கோப் வழியாக நேரே வீட்டு எர்த்தோடு சேர்ந்தது. பேஸில் பட்டால் பொறி பறக்கும், அதோடு நின்றால் அதிர்ஷ்டம். மெயின்ஸுக்கென்றே செய்த டிஃபரன்ஷியல் புரோப் இல்லாமல் இந்தப் பக்கம் வரக்கூடாது.

கருவி கிடைத்துவிட்டால் பிறகு நடப்பது கணக்கு. 150 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்க நொடிக்கு 3 லட்சத்துக்கு மேல் மாதிரிகள் எடுக்க வேண்டும். நடைமுறையில் 10 லட்சம் எடுப்பார்கள். 50 ஹெர்ட்ஸின் பத்துச் சுற்று, அதாவது 200 மில்லிசெகண்டை ஒரு துண்டாக வெட்டி, அதில் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று கணினி பிரித்துக் கொடுக்கும். அதை 200 ஹெர்ட்ஸ் அகலமுள்ள கட்டங்களாகக் கூட்டிப் பார்ப்பது வழக்கம். சராசரி மட்டும் பார்த்தால் ஒன்று கைநழுவும். பல சாமான்களில் இந்த உமிழ்வு நிதானமாக ஓடுவதில்லை. 50 ஹெர்ட்ஸ் அலை உச்சிக்குப் போகும்போது ஒரு மாதிரி, பூஜ்யத்தைத் தாண்டும்போது வேறு மாதிரி என்று நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். அதனால் நேரம் ஓர் அச்சிலும் அதிர்வெண் இன்னோர் அச்சிலும் இருக்கும் வண்ணப்படம் போட்டுப் பார்ப்பது நல்லது. 

ஆனால் ஒரு கம்பெனி தன் மிக்ஸிக்கோ டிவிக்கோ சான்றிதழ் வாங்க வேண்டும் என்றால் வண்ணாரப்பேட்டை வீட்டில் அளந்து காட்ட முடியாது. எங்கே அளந்தாலும் ஒரே எண் வர வேண்டும். அதற்காக ஒரு செயற்கை மின்சார லைனையே பெட்டிக்குள் கட்டிவிட்டார்கள். லேபில் அதை லிசன் என்பார்கள். வேலை எளிது. லைன் பக்கத்திலிருந்து வரும் அழுக்கை உள்ளே விடாது. 50 மைக்ரோஹென்ரி காயில் ஒன்றை வைத்துச் சாமானுக்கு ஒரு நிலையான 'வீட்டு ஒயரிங்' போலக் காட்டும். சாமான் வெளியே விடும் சத்தத்தை மட்டும் ஒரு கெப்பாசிட்டர் வழியாக எடுத்து, 50 ஓம் உள்ள ரிசீவருக்கு அனுப்பும். சாமானை 80 சென்டிமீட்டர் உயரமான மர மேஜையில், உலோகச் சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பது வரை விதி உண்டு. இந்தப் பெட்டியின் கெப்பாசிட்டர்கள் வழியாக எர்த்துக்கு முக்கால் ஆம்பியருக்கு மேல் கசியும். வீட்டில் மாட்டினால், எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் ஆர்சிசிபி அந்த நொடியே விழுந்துவிடும். அதனால்தான் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு லேபில் மட்டும் பயன்படுத்துகிறார்கள். சென்னையில் இந்த வேலை செய்யும் மத்திய அரசு நிறுவனம் தரமணியில் இருக்கும் சமீர். வழக்கம்போல அதுவும் ஊரின் அந்தக் கோடிதான்.

அளவு டெசிபெல் மைக்ரோவோல்ட் என்ற அலகில் வரும். 0 என்றால் 1 மைக்ரோவோல்ட், 60 என்றால் 1 மில்லிவோல்ட். வீட்டுச் சாமான்களுக்கான வரம்பு 150 கிலோஹெர்ட்ஸில் 66-ல் தொடங்குகிறது, அதாவது 2 மில்லிவோல்ட். இதை அளக்கும் ரிசீவர் உச்சத்தையும் பார்க்காது, சராசரியையும் பார்க்காது. குவாசி பீக் என்ற இடைப்பட்ட முறை. எப்போதோ ஒரு தடவை வரும் டிக் சத்தத்துக்குக் குறைந்த மதிப்பெண், தொடர்ந்து படபடப்பதற்கு அதிக மதிப்பெண். காரணம் ரேடியோ. இந்த விதிகளை எழுதும் சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு 1934-ல் உருவானதே ரேடியோ கேட்பவர்களுக்கு வரும் இடைஞ்சலைக் குறைக்கத்தான். ரேடியோ கேட்கிறவருக்கு எவ்வளவு எரிச்சல் என்பதைத்தான் அந்த அளவுகோல் இன்றும் அளக்கிறது.

ரேடியோ கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு டெய்லர் கடையில் காலையிலிருந்து மீடியம் வேவில் சென்னை வானொலி ஓடும், 720 கிலோஹெர்ட்ஸ். புதிதாக ஓர் எல்இடி டியூப் லைட் மாட்டினார். மறுநாளே என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா தம்பி, லைட்ட போட்டா ரேடியோ கத்துது. லைட்ட அணைச்சா ஊசி கண்ணு தெர்ல. நான் இன்னாத்த பண்றது?" ஸ்விட்சைப் போட்டதும் பாட்டுக்கு மேலே கர்ர் என்று ஒரு முரட்டுச் சத்தம். அந்தக் கர்ர், மேலே சொன்ன நொடிக்கு 100 ஏற்ற இறக்கம்தான். ரேடியோவை பேட்டரிக்கு மாற்றி, கதவுப் பக்கம் கொண்டுபோனால் குறைகிறது, ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் வைத்தால் கூடுகிறது. டயலை மெதுவாகத் திருப்பினால் சத்தம் ஓர் இடத்தில் மேடு கட்டி, இறங்கி, கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி மேடு கட்டுகிறது. மேட்டுக்கு மேடு உள்ள இடைவெளிதான் அந்த விளக்கின் ஸ்விட்சிங் அதிர்வெண். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று இருந்தால் செலவில்லாமல் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். எண் துல்லியமாக வராது, ஆனால் எந்தச் சாமான் குற்றவாளி என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சார்ஜர் டிசைன் செய்பவர்கள் 65 கிலோஹெர்ட்ஸை அதிகமாகத் தேர்ந்தெடுப்பதற்கும் விதிதான் காரணம். நீண்ட காலமாக பெரும்பாலான வீட்டுச் சாமான்களுக்கு வரம்பு 150 கிலோஹெர்ட்ஸிலிருந்துதான் ஆரம்பம். 65-ன் இரண்டு மடங்கு 130. ஆக, பலம் அதிகமுள்ள முதல் இரண்டும் வரம்புக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். மூன்றாவதான 195-லிருந்து அடக்கினால் போதும், ஃபில்டர் செலவு மிச்சம். தப்பு என்று சொல்ல முடியாது, சாமர்த்தியம். பதினோராவது மடங்கு 715. டெய்லரின் 720-க்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள்.

கீழ்ப்பக்கம், 50 ஹெர்ட்ஸின் 40 மடங்கான 2 கிலோஹெர்ட்ஸ் வரை ஹார்மோனிக்ஸ் என்று தனி விதி இருக்கிறது. மேலே 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை சிஸ்பர் விதி. நடுவில் 2-லிருந்து 150 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ளதுதான் இன்று சூப்ரா ஹார்மோனிக்ஸ் என்று பேசப்படும் பகுதி. இண்டக்‌ஷன் அடுப்புக்கும் விளக்குகளுக்கும் 9 கிலோஹெர்ட்ஸிலிருந்தே வரம்பு உண்டு என்றாலும், மற்றவற்றுக்கு இது வெகுகாலம் கேட்பாரற்ற இடமாகவே கிடந்தது. ஒயர் வழியாகவே கணக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர்கள் பல நாடுகளில் பேசிக்கொள்வது 35-க்கும் 91 கிலோஹெர்ட்ஸுக்கும் நடுவில். இண்டக்‌ஷன் அடுப்பும் சார்ஜரும் குடியிருக்கும் அதே தெருவில்தான் மீட்டருக்கும் வீடு கொடுத்திருக்கிறார்கள்.

மீட்டர் என்றதும் கரண்ட் பில் ஞாபகம் வரும். நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லெஃபெரிங்க் குழு செய்த சோதனை 2017-ல் செய்திகளில் பெரிதாக அடிபட்டது. டிம்மரோடு சேர்த்த விளக்குகளை ஓட்டியபோது சில எலக்ட்ரானிக் மீட்டர்கள் உண்மையைவிட 582 சதவீதம் வரை கூடுதலாகக் காட்டின, சில குறைவாகவும் காட்டின. மின்னோட்டம் சீராக இல்லாமல் கூர்மையான துடிப்புகளாக வந்தபோது மீட்டருக்குள் இருக்கும் சென்சார் தடுமாறியதுதான் விஷயம். அது சோதனைக்காகவே அமைத்த மோசமான சூழல். உங்கள் பில் கூடுதலாக வந்தால் முதலில் ஏசியைச் சந்தேகப்படுங்கள்.

இந்த இடத்தில் இன்னொன்று. பிளக்கில் மாட்டினால் கரண்ட் பில் குறையும் என்று ஒரு பச்சை விளக்குப் பெட்டி விற்கிறார்களே, அதைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர்தான் இருக்கும். வீட்டு பில் குறையாது. ஆனால் மேலே பார்த்த கணக்குப்படி, பக்கத்துப் போர்ஷனின் கிலோஹெர்ட்ஸ் எல்லாம் அந்தப் பெட்டியைத் தேடி வரும். காசு கொடுத்து அடுத்த வீட்டு அழுக்கை வாங்கிய மாதிரி ஆகிவிடும்.

டெய்லருக்கு என்ன செய்தோம் என்றால், டியூப் லைட்டை மாற்றினோம். தரமான ஃபில்டர் உள்ள வேறொன்றைப் போட்டதும் சத்தம் அடங்கியது. லேப்டாப் ஒயரில் குண்டாக இருக்குமே, அந்த ஃபெரைட் கிளிப்பை வாங்கி மாட்டலாமா என்று கேட்பார்கள். மெகாஹெர்ட்ஸில் அது நன்றாக வேலை செய்யும். 25 கிலோஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு அரை ஓம்கூட வராது, மாட்டியதும் மாட்டாததும் ஒன்றுதான்.

கருவி வைத்து முறையாக அளக்க நினைப்பவர்கள் மூன்று இடத்தில் கிளாம்ப் மாட்டுங்கள்: சாமானின் ஒயரில், அந்தப் போர்ஷனுக்குள் வரும் மெயினில், கட்டடத்தின் மெயினில். முதலில் சாமானை அணைத்து வைத்துப் பின்னணியை எடுங்கள். அப்புறம் ஓட்டி எடுங்கள். கடைசியாக, பக்கத்துப் போர்ஷன்காரரிடம் சொல்லி அவர் வீட்டுப் பிளக்குகளைப் பத்து நிமிடம் உருவச் சொல்லிவிட்டு மறுபடி எடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில சாமான்களில் சாமானின் சொந்த ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர் லைனில்தான் இருக்கும்.